உடும்பைக் கட்டிய கயிறு

அம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் 'கொர் கொர்' சத்தத்தில்தான் அந்தப் பங்குனி மாதம் முழுவதும் எனக்குப் பொழுது விடிந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் எங்களுடையது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த எழுபதுகளில் கல் லாரி போகும்போதெல்லாம் புழுதி குடிசைக்குள் வந்து படியும், அம்மாவுக்கு இழுப்பு இன்னும் ஏறும். செங்கல்பட்டுக்குப் போய் ஊசி போட்டாயிற்று, வேப்பிலை அடித்தாயிற்று, முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாயிற்று. ஒன்றுக்கும் கேட்கவில்லை.

மீன் வாங்க சைக்கிளில் வரும் பாய் ஒருநாள் நைனாவிடம் சொன்னார்: "உடும்பு ரத்தத்த அறுத்த சூட்டோட குட்ச்சா இழுப்பு ஓடிப்பூடும் அண்ணாத்த. ஆனா உசுரோட புட்ச்சாரணும்." அந்த நேரத்தில் புலிப்பால் என்று சொல்லியிருந்தாலும் நைனா கிளம்பியிருப்பார்.

நைனாவுக்குக் கடல் தெரியும். தரையில் ஊர்கிற எதுவும் ஆகாது. ஓணானைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற அந்த மனுஷன், வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கரட்டுக்குப் புறப்பட்டார். "பொம்பளப் புள்ளைய இன்னாத்துக்கு இட்டுகினு போற?" என்று அம்மா மூச்சுக்கு நடுவே கேட்டும் நான் நிற்கவில்லை.

பாறை இடுக்கு, கரையான் புற்று, வற்றிய ஏரியின் மதகு என்று நாள்தோறும் வெயிலில் அலைந்தோம். கல்லைப் புரட்டினால் அரணை ஓடும். சேற்று வெடிப்பில் தவளை கண்ணை மட்டும் காட்டும். பனையடியில் சாரை உரித்த சட்டை கிடக்கும். உடும்பு மட்டும் இல்லை. வேண்டாத நாளில் வழியில் குறுக்கே ஓடுகிற சனியன், வேண்டும்போது எங்கேதான் போய்த் தொலைந்ததோ! வீடு திரும்பினால் அம்மா சோற்றைத் தொடாமல் தள்ளி வைத்திருப்பாள். ஒருநாள் நைனா ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து, "இன்னும் எத்தினி நாளுடி தாங்குவா உங்கம்மா?" என்று வாய்விட்டு அழுதுவிட்டார்.

மறுநாள் சப்பாத்திக்கள்ளிப் புதரோரம் அது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மீனுக்கு வீசுகிற அதே வீச்சில் நைனா வலையை விரித்தார். உடும்பு உள்ளே விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டே காலையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். அவருக்குத் தெரிந்த கட்டு ஒன்றே ஒன்றுதான்: கட்டுமரத்துக்குப் போடுவது. அலையில் எவ்வளவு அடித்தாலும் நெகிழாது, கரைக்கு வந்ததும் நுனியைச் சுண்டினால் பொலபொலவென்று அவிழ்ந்துவிடும். படுக்கையில் விழும்வரை, தினமும் கரையில் மரத்தைப் பிரித்துக் காயப்போடும்போது அதை அவிழ்த்தது அம்மாதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் பாய்க்கு எதிரிலேயே போட்டோம். அதன் தொண்டை உப்பி உப்பி அடங்கியது. 'புஸ் புஸ்' என்று அது விட்ட மூச்சும் அம்மாவின் மூச்சும் ஒன்றாகக் கேட்டன. நைனா பின்பக்கம் கத்தி தீட்டப் போனார். நான் அடுத்த வீட்டுக்குக் கிண்ணம் வாங்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது கயிறு மட்டும் கிடந்தது.

"நான்தான் அவுத்து வுட்டேன்" என்றாள் அம்மா.

"அடிப்பாவி, அது உன் உசுரும்மே!" நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுவும் என்னாட்டம் இழுத்துகினு கீது. எதுத்தாப்ல பாத்துகினு படுக்க முடியலய்யா."

நைனா வலையோடு இருட்டும்வரை தேடினார். கிடைக்கவில்லை. அப்புறமும் போனோம், எதுவும் கண்ணில் படவில்லை. அந்தக் கார்த்திகை மழையில் அம்மா போய்விட்டாள்.

இன்று அந்தக் கரடு முழுக்க வீட்டு மனைகள். குப்பத்தில் எல்லாம் ஃபைபர் படகு. நைனாவும் இல்லை, அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவர்களும் இல்லை. அம்மாவின் நெஞ்சுதான் எனக்கும் வாய்த்திருக்கிறது, ஆனால் கைப்பையிலிருக்கும் மருந்தை வாயில் வைத்து அழுத்தினால் இழுப்பு அடங்கிவிடுகிறது. உடும்பு ரத்தத்தில் ஒன்றும் கிடையாது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு நைனா அதை நம்பினார், நான் நம்பினேன். அம்மாவும் நம்பினாள், நம்பிக்கொண்டேதான் அவிழ்த்துவிட்டாள்.