இன்னும் காத்திருக்கவா?

வயல் வட்டைக்குச் சோறு சுமந்த பெட்டை புரோகிராம் எழுதுவாள் என்று சொன்னால் வெல்லாவெளியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போட்டோக்கொப்பி எடுத்த பழைய புத்தகம் ஒன்றை வைத்துத் தானாகவே படித்து, மட்டக்களப்பு டவுனில் ஒரு நிவாரண அலுவலகத்துக்கு முழு மென்பொருளையும் எழுதிக் கொடுத்தவள் கண்ணகைதான். கெட்டிக்காரி. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்தால் என்ன?

நான் சொல்வது 2008. அவளுடைய புருசன் நல்லரத்தினம் காணாமல் போய் இரண்டாவது வருடம். வாழைச்சேனைக்குப் படகு எஞ்சின் திருத்தப் போனவன் திரும்பவில்லை. யார் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், ஒன்றும் தெரியாது. அவள் ஏறி இறங்காத முகாம் இல்லை, நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. அழுதழுது ஒரு கட்டத்தில் அழுகையும் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு உள்ளே ஒன்றுமே இல்லை. சாப்பிடுவாள். என்ன கறி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாதத்துக்கொரு தடவை புருசனின் தமையன் தங்கராசா வருவார். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் தொண்டையைச் செருமுவார்.

"என்ன புள்ள, தம்பிக்குக் காரியத்தச் செய்வமா? அவன்ட ஆத்துமா அலையுதெண்டு ஊரெல்லாம் கதைக்குது. நீ ஓமெண்டாத்தானே செய்யலாம்."

"இன்னும் கொஞ்சம் பாப்பம் அத்தான்."

அவ்வளவுதான் பேச்சு. ஓம் என்றால் அவன் செத்தவன். சொல்லாவிட்டால் அவள் இப்படியே கிடக்க வேண்டியதுதான். அவர் எழும்பிப் போய்விடுவார், அவள் கோப்பையைக் கழுவி வைப்பாள்.

அலுவலகத்தில் வேறொரு தொல்லை. அவளுடைய மென்பொருள் ஊர் ஊராக இருக்கும் நிலையங்களில் நிவாரணம் வாங்கும் குடும்பங்களைப் பதியும். ஆனால் எல்லாவற்றையும் தானே செய்யாது. கோப்பைச் சுருக்க ஒரு புரோகிராம், அதைத் தொலைபேசி வழியே டவுனுக்கு அனுப்ப இன்னொன்று, அட்டை அச்சடிக்க மற்றொன்று என்று வெளியாட்களைக் கூப்பிட்டு வேலை வாங்கும். அந்த வெளியாட்களை மேய்க்கவென்று கண்ணகை சில துணைச் செயற்கூறுகளை எழுதியிருந்தாள். ஒன்று தொடக்கி வைக்கும், ஒன்று முடியும்வரை காத்திருக்கும், ஒன்று நல்லபடி முடிந்ததா என்று கேட்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று மட்டும் அவள் எழுதவில்லை. லைன் அறுந்தால் அனுப்பும் புரோகிராம் சாகவும் மாட்டாது, வேலை செய்யவும் மாட்டாது. மென்பொருளும் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு உறைந்து நிற்கும்.

பொறுப்பாளர் மஜீட் காத்தான்குடிக்காரர். நல்ல மனிதர், வாய்தான் பொல்லாதது.

"தங்கச்சி, எத்தின தரம் சொல்ற! கொக்கட்டிச்சோலையில திரை வெளுத்துப்போய் நிக்கிதாம். சனம் வெயிலுக்க காயிது. ஒரு அளவ வையுங்க. அஞ்சு நிமிசத்தில வரல்லியா, வெட்டி உடுங்க!"

கண்ணகை உட்கார்ந்தாள். ஐந்து என்று தட்டி அழித்தாள். பத்து என்று தட்டி அதையும் அழித்தாள். வெட்டிவிட்ட மறு நிமிடமே பதில் வந்துவிட்டால்? கடைசியில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். ஐந்து நிமிடத்துக்கொரு தடவை ஒரு சின்னப் பெட்டி எழும்பி, 'பதில் இல்லை. இன்னும் காத்திருக்கவா?' என்று கேட்கும். கீழே ஓம், இல்லை. முடிவை மற்றவர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த கிழமை கொக்கட்டிச்சோலைக்கு அரிசி லொறி போகவில்லை. டவுனுக்குக் கோப்பு வந்து சேரவேயில்லை.

"அங்க காலையிலரிந்து பின்னேரம்வரைக்கும் 'ஓம்' எண்டதத்தான் அமத்திக்கிட்டு இரிந்திருக்காங்க!" என்று மஜீட் தலையில் கைவைத்தார். "மத்த நிலையங்களயும் கேட்டுப் பாத்தன். ஒத்தராவது 'இல்லை'ய அமத்தல்ல. அல்லாஹ்வே, இதென்ன கூத்து!"

மறுநாள் அவள் மண்முனைத்துறையில் 'பாதை'யில், அதாவது வாவியைக் கடக்கும் அந்த மிதவையில், ஏறிப் போனாள். நிலையத்து வாசலில் வெறும் பையோடு சனம் குந்தியிருந்தது. ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணினிக்கு முன்னால் இருந்த சின்னத்தங்கம் அவளைக் கண்டதும் எழும்பினாள். சின்னத்தங்கத்தின் மகனையும் பிடித்துப்போய் இன்னும் விடவில்லை.

"என்னில கோவிக்காத புள்ள. இன்னும் காத்திருக்கவா எண்டு அது என்னட்டக் கேக்குது. நான் எப்பிடி இல்லையெண்டு சொல்ற? வாய் வருமா, கைதான் வருமா?"

கண்ணகைக்கு வெட்கமாக இருந்தது. எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று உறைத்தது. தன்னால் சொல்ல முடியாததை இந்தத் தாயிடம் கேட்க வைத்தோமே என்று தன் மேலேயே ஆத்திரப்பட்டாள். அங்கேயே இருந்து அந்தக் கேள்வியைத் தூக்கினாள். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அதற்குமேல் கிடக்கும் புரோகிராமை மென்பொருளே முடித்துவிட்டு, 'அனுப்ப முடியவில்லை' என்று சொல்லி, புதிதாகத் தொடக்கும்.

முதல் தடவை லைன் அறுந்தது. ஐந்து நிமிடத்தில் மென்பொருளே அதை முடித்துவிட்டு, 'அனுப்ப முடியவில்லை' என்றது. இரண்டாம் தடவை கோப்பு போய்ச் சேர்ந்தது.

"அப்பாடா!" என்று சின்னத்தங்கம் மூச்சுவிட்டாள். "நாம சொல்லல்ல, அதுவே சொல்லிப்போட்டுது. நமக்கும் ஆராவது வந்து இப்பிடிச் சொன்னா..."

அந்த மாதம் தங்கராசா வந்தபோது கண்ணகைதான் முந்திக்கொண்டாள்.

"அத்தான், இனி என்னட்டக் கேக்காதீங்க. நீங்களே முடிவச் சொல்லுங்க. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானா? என்ட தோளில கிடந்து வளந்தவன் புள்ள அவன். நான் எப்பிடிச் சொல்ற? நீ சொல்லுவாயெண்டுதானே மாசம் மாசம் வாறன்."

அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்ணகைக்கு அழுகை வரவில்லை. ஒருவரும் வந்து சொல்லப்போவதில்லை என்பது மட்டும் விளங்கியது.

"அப்ப நான் சொல்றன். செய்வம் அத்தான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செத்த திதி தெரியாம ஐயர் ஒண்டும் செய்யமாட்டார் புள்ள. எந்த நாளெண்டு வைக்கிற?"

"இண்டைக்கெண்டே வையுங்க. காலம்புறவரைக்கும் எனக்கு அவர் உயிரோடதானே இருந்தவர்."