சித்தி பின்னோக்கிக் கோயிலேறிய கதை

வெயிலில் வெந்த தோல் இருக்கையின் வாசனையும் பெட்ரோல் நெடியும் கலந்து மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்கு வயிறு புரளும். எட்டு வயதில் தொடங்கி இன்றுவரை நான் விடாமல் காப்பாற்றிவரும் ஒரே பழக்கம் அதுதான்.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தா. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் கைகழுவிவிட்ட, என்னைவிட வெகுவாக மூத்த அமெரிக்கக் காரை அவர் வாங்கியபோது, அதைச் செய்தவரின் வரலாறும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. குடியானவர் மகனாகப் பிறந்து, வயல்வேலைக்குச் சோம்பி, ஊரார் கடிகாரங்களைப் பிரித்துப் பழகி, தொடங்கிய கம்பெனிகள் கைவிட்டும் அசராமல், சாமானியனும் வாங்கும்படி ஒரு காரைச் செய்தே தீருவதென்று நின்றவர். ஆட்கள் நின்ற இடத்தில் நிற்க, கார் அவர்களைத் தேடி நகர்ந்துவரும்படி பட்டறையையே மாற்றியமைத்து விலையைக் குறைத்துக்கொண்டே போனவர். அப்பா சொல்லும் தோரணையில், அவர் எங்களுக்குப் பெரியப்பா முறை என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். மனிதர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிப் பின்னாளில் படித்ததை அப்பாவிடம் நான் சொல்லவேயில்லை.

யுத்தகாலம்; பெட்ரோலுக்குக் கூப்பன். சித்திக்கு மணப்பாட்டில் கல்யாணம். மாப்பிள்ளை கொழும்புக்குப் பாய்த்தோணி ஓட்டும் ‘தண்டல்’. இருவரும் ஒருவரையொருவர் போட்டோவில் பார்த்ததோடு சரி. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்ததால், இதுவும் தட்டினால் கன்னியர் மடத்துக்குப் போய்விடுவதாகச் சித்தி சொல்லியிருந்தாள், சொன்னால் செய்கிறவள்.

மணல்மேட்டின் உச்சியில் சிலுவைக் கோயில். பாதி ஏற்றத்தில் கார் இருமி நின்றது. பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில்; பம்பு கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போகவேண்டும். தொட்டியில் கொஞ்சமாக இருந்து, காரின் மூக்கும் மேலே தூக்கினால் போகாது. மலிவு விலைக்காக அந்த அமெரிக்கப் பெரியப்பா செய்திருந்த சிக்கனம். மாற்று வழியும் உண்டு: காரைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றுவது. அப்பா அப்படியே ஏற்றினார்.

கோயில் வாசலில் நின்றவர்களுக்குத் திறந்த காரில் தெரிந்தது மணப்பெண்ணின் முதுகு. மாப்பிள்ளையின் தாயார் போட்ட கூச்சல் காற்றில் இறங்கிவந்தது:

“ஏலே, பொண்ணு மொகத்தத் திருப்பிக்கிட்டுல்லா வாரா! சம்மதமில்லன்னு இதுக்கு மேல எப்படிச் சொல்லணும்? வேண்டாம்லே, வீட்டுக்கு நட!”

என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்த சித்தி அப்பாவின் தோளைத் தட்டினாள். “அத்தான், வண்டியத் திருப்புங்க!”

“திருப்புனா நின்னுபோகும், ஏளா!”

மேலே மாப்பிள்ளையின் குரல் கேட்டது. “எதிர்காத்துல நாங்க மட்டும் நேராவாம்மா கரைக்கு வாரோம்?”

புதுச் சப்பாத்துக்குள் மணல் நிரம்ப அவர் சரிவில் இறங்கி வந்து, காரைக் கடந்து, அதன் மூக்குக்கு நேரே நின்றார். பிறகு கார் பின்வாங்கப் பின்வாங்க, அதே வேகத்தில், சித்தியைப் பார்த்தபடியே ஏறிவந்தார். சித்தி முக்காட்டை விலக்கி நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரத்தில்தான் நான் காருக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தேன் என்பதையும் உண்மைக்காகச் சொல்லியாகவேண்டும். இருவரும் கவனிக்கவில்லை.

உச்சியில் மாமியார் சித்தியின் முகத்தை உற்றுப்பார்த்துவிட்டு, “சரி, இறங்கு. சாமியார் காத்துக்கிட்டிருக்காரு” என்றார். அதுதான் சமாதானம்.

கார் பழைய இரும்பாகப் போயிற்று. அப்பாவும் இல்லை, பாய்த்தோணிகளும் அருகிவிட்டன. அந்த மேட்டில் இப்போது தார்ச்சாலை. மணப்பெண்கள் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார்கள். போன வருஷம் சித்தப்பாவை அடக்கம்செய்துவிட்டுத் திரும்பும்போது அந்தச் சரிவில் சித்தி நின்றாள்.

“கல்யாணத்துக்குப் பொறவு அவரு கரையில இருந்த நாளே கொஞ்சம்லே” என்றாள். “ஆனா அன்னைக்கு இந்த மேடு முடியுறவரைக்கும், என்னையத் தவிர வேற எதையும் அவரு பாக்கல.”