வெள்ளைச் சேலை வந்த சனிக்கிழமை

எங்கள் அப்பா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இறந்துபோனார். மறுநாள் மத்தியானத்துக்குள் திரும்பவும் உயிரோடு இருந்தார். எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. பெரியவர்கள் அழச் சொன்னபோது அழுதேன். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், அன்று நடந்ததை எழுதிவைப்பதும் என் பொறுப்பாகிவிட்டது.

அம்பிட்டியவுக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பிரா அறையில் இருந்தோம். பழம் பறித்து முடிந்ததும், புது ஆட்களைக் கூட்டி வர அப்பா கங்காணியோடு இந்தியாவுக்குப் போயிருந்தார். கங்காணி ஆட்களோடு மன்னார்ப் பாதையில் நடந்து வந்து சேர்ந்துவிட்டார். பேதியில் விழுந்தவர்களை அங்கேயே புதைத்துவிட்டு நடக்கிற காட்டுப் பாதை அது. அப்பா வரவில்லை. "பின்னால வர்றான்" என்றார் கங்காணி. எவ்வளவு பின்னால் என்று அம்மா கேட்டதற்கு, வெற்றிலையை மென்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோட்டத்துக்குக் கீழே, கண்டிக்குப் போகிற வழியில், கைவிட்ட கோப்பி ஸ்டோர் ஒன்றில் வாத்தியாரம்மா பள்ளிக்கூடம் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும், மத்தியானத்தில் கஞ்சியும் கொடுத்தார். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மருந்துப் போத்தலோடு லயத்துக்கு ஏறி வருவார். இவ்வளவு செய்தும் பள்ளிக்கூடத்தில் பாதிப் பலகைகள் வெறுமையாகவே கிடந்தன. காரணம் அவருக்குத் தெரியாது. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் எப்போதும் வெள்ளைச் சேலைதான் உடுத்துவார். நெற்றியும் வெறும் நெற்றி. காலையில் அவர் பிள்ளைகளைக் கூப்பிட மேடேறி வந்தால், கூடையோடு புறப்பட்ட பெண்கள் திரும்பிப்போய் வாசலில் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். தன்னைக் கண்டதும் மரியாதைக்கு ஒதுங்குகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போவார். அம்மா என்னை அனுப்பியது கஞ்சிக்காக.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விட்டதும் வாத்தியாரம்மா என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். "கவனமாக் கொண்டுபோய் அம்மாட்டைக் குடு மோனை" என்றார். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா பிரித்தாள். உள்ளே புத்தம் புதிய வெள்ளைச் சேலை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெரியம்மா ஓடி வந்தாள். சேலையைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள். அடுத்த காம்பிராப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். "படிச்சவங்களுக்கு முன்னாடியே சேதி வந்துரும்டி. வாயால சொல்ல மனசு வராமத்தான் சீலையா அனுப்பிருக்காங்க" என்றாள் பெரியம்மா. அப்பா இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். சேலைக்குள் அவர் எப்படி இறந்தார் என்பது மட்டும் விளங்கவில்லை.

மாமா வந்ததும் அழுகை வேறு பக்கம் திரும்பியது. எங்களில் கணவனை இழந்தவளுக்கு வெள்ளைக் கோடி போடுவது பிறந்த வீட்டாரின் உரிமை. "கூடப் பொறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கோடி போட அந்தம்மா யாரு?" என்று அவர் சத்தம் போட்டார்.

"இப்ப அதுவாடா பெரிசு? தாலிய எறக்க வேண்டாமா?" என்றாள் பெரியம்மா.

அம்மா தாலியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். "அவங்க வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் யாரும் என் கழுத்துல கைவைக்கக் கூடாது."

ஞாயிறு விடிந்ததும் டவுனுக்கு நடந்தோம். வாத்தியாரம்மாவின் வேதக்கோயில் வாசலில் நின்றபோது எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. உள்ளேயிருந்து வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளை. இத்தனை வீட்டு அப்பாக்களும் சேர்ந்தாற்போல் செத்துவிட்டார்களா என்று நினைத்தேன். அப்படியானால் இவர்கள் ஏன் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார்கள்?

வாத்தியாரம்மா எங்களைக் கண்டு வேகமாக வந்தார். மாமா சேலையை நீட்டினார். "யாரும்மா உங்களுக்குச் சேதி சொன்னது?"

"என்ன சேதி?"

"எங்க மச்சான் செத்த சேதி."

"ஐயோ கடவுளே, எப்ப செத்தவர்?"

"அத நீங்கதானம்மா சொல்லணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வெளியே வந்தது. "எங்கட ஆக்கள் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் வெள்ளைதான் உடுப்பினம். பிள்ளையை ஒழுங்கா அனுப்புற தாய்க்கு நல்ல சீலையாக் குடுப்பம் எண்டுதான் குடுத்தனான்" என்றார்.

அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பெரியம்மாவுக்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "அப்ப நீங்க தாலியறுத்தவங்க இல்லியா? நாங்க இத்தன நாளா அப்படில்ல நெனச்சோம். காலையில எதுக்க வந்துட்டீங்கன்னா உக்காந்து தண்ணி குடிச்சுட்டுல்ல போவோம். அதுக்குப் பயந்துதானே புள்ளைங்களயும் அனுப்பல."

வாத்தியாரம்மா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கும்பிட்டுக்கொண்டே போன அந்தக் காலைகளையெல்லாம் நினைத்தாரோ, வெகுநேரம் ரோட்டையே பார்த்தார். பிறகு மாமாவிடம் கேட்டார்: "நான் நிறச்சீலை உடுத்தால் பிள்ளையளை அனுப்புவியளோ?"

"தாராளமா. பொட்டப் புள்ளைங்களயும் அனுப்புறோம்."

திங்கட்கிழமை அவர் பச்சைச் சேலையில் மேடேறி வந்தார். யாரும் உட்காரவில்லை. "எங்க, இவளயும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள். ஸ்டோர் நிறைந்துவிட்டது. அவரோ யாருடையதையோ இரவல் வாங்கி உடுத்தியவர்போல, நாள் முழுக்க முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மத்தியானம் கஞ்சிக்கு நின்றபோது நான் கேட்டேன்: "வாத்தியாரம்மா, உங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

அகப்பை நின்றது. "உன்ர அப்பா எந்தப் பாதையாலை வாறார்?"

"மன்னார்ப் பாதை."

"அவரும் அந்தப் பாதையிலைதான் நிக்கிறார், ராசா" என்று சொல்லி, எனக்கு இன்னொரு அகப்பை ஊற்றினார்.

எனக்குப் பெரிய நிம்மதி. அந்தக் காட்டுப் பாதையில் அப்பா தனியாக இல்லை. சாயங்காலம் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். புகை கண்ணில் ஏறியும் துடைக்காமல் என்னையே பார்த்தாள். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. பெரியம்மாகிட்டக்கூட."

இவ்வளவு நல்ல செய்தியை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். அம்மா திரும்பவும் குனிந்து அடுப்பை ஊதினாள்.

மறுநாள் காலை வாத்தியாரம்மா மேடேறி வந்தபோது, அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் எதிரே நடந்துபோனாள். அதுவரை "வாங்கம்மா" என்று தள்ளி நின்றே சொன்னவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வா தங்கச்சி" என்றாள். அப்பாவுக்கு வழித்துணை கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் அம்மாவுக்கு என்று நினைத்துக்கொண்டு, நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.