முதலாளிக்கு ஏற்ற சொல்

வாய்மை என்னும் அறம் நாவில் மட்டும் குடியிருப்பதன்று. எழுதும் விரல்களிலும் குடியிருக்க வேண்டும். அவ்வறத்தை ஒருமுறை நழுவவிட்டு, மறுமுறை இறுகப் பற்றியவர் திண்டிவனம் விருத்தாசலம்.

அரிசி ஆலை ஒன்றில் அவர் ஆங்கிலத் தட்டச்சர். குடியிருப்பும் ஆலை மதிலுக்குள்ளேதான். உமித்தூசு சோற்றிலும் படியும். மனைவி ராஜாமணிக்கு அதனாலேயே இளைப்பு முற்றியது. இந்தக் காற்றை விட்டு வெளியேறினாலன்றி மருந்தால் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 1957 ஐப்பசியில் விழுப்புரத்துக் கூட்டுறவு அலுவலகம் ஒன்றிலிருந்து வேலை உத்தரவு வந்தது. பத்து நாளில் சேர வேண்டும். பழைய முதலாளியின் நன்னடத்தைச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

முதலாளி பாண்டுரங்கனோ வேறொரு காகிதத்தில் கண்ணாக இருந்தார். அவரைக் கோயில் அறங்காவலராக அமர்த்தும்படி ஊரார் விடுக்கும் விண்ணப்பம் அது. வரைந்தவர் தம் பெயரை அடியில் பொறிப்பது வழக்கம். அதை வரைந்த விருத்தாசலம் முதலாளியைப் ‘பிராமினென்ட்’ என்று குறித்திருந்தார்.

முதலாளியின் மருமகன் வக்கீல். அவர் படித்துப் பார்த்து, “மாமா, இது நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளுன்னுதான் சொல்லுது. ‘எமினென்ட்’னு இருக்கணும்” என்றார்.

“இன்னாய்யா, ரெண்டும் பெரிய மனுசன்தானே?” என்றார் முதலாளி.

“இல்லீங்க மொதலாளி,” என்றார் விருத்தாசலம். “நம்ம ஆலைப் புகைபோக்கி பத்து மைலுக்குத் தெரியுது. அது பிராமினென்ட். கோபுரமும் தெரியுது, ஆனா பாத்தவொடனே கை தானா கும்பிடுது. அதுதாங்க எமினென்ட்.”

“அப்ப நான் புகைபோக்கியா?”

மருமகன் சிரிப்பை மறைக்க அவசரமாக வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார்.

“ஜல்தியா மாத்தி அடிச்சிக்கினு வா. உன் சான்றுல கையெழுத்துப் போடறேன். இல்லாங்காட்டி இங்கயே உமியத் தின்னுக்கினு கெட!” என்றார் முதலாளி.

வீட்டில் ராஜாமணி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டவள், “ஒரே ஒரு வார்த்தைதானேங்க? அடிச்சுக் குடுத்துட்டு வாங்களேன். மூச்சு வுட முடியலையே” என்றாள்.

ஈராண்டாக மறைத்ததை அவர் அப்போதுதான் சொன்னார். களத்தில் நெல் உலர்த்தும் பொன்னியின் வலக்கையை எந்திரத்தின் வார்ப்பட்டை விழுங்கிய நாளில், அவள் ஆலை வேலைக்காரியே அல்லள், தவிடு கேட்டு உள்ளே நுழைந்தவள் என்று முதலாளி சொன்னார். சொன்னபடியே விபத்து அறிக்கையைத் தட்டச்சிட்டு, அடியில் தம் பெயரையும் இட்டவர் விருத்தாசலம். விசாரணை அத்தோடு முடிந்தது.

ராஜாமணி சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நேத்து எனக்கு முடியலன்னு அந்தப் பொன்னிதான் எடக்கையால கேப்பைக் கூழு கிண்டிக் குடுத்தா. தெரியுமா உங்களுக்கு?”

அவர் தலை குனிந்தார்.

“வேணாங்க. இன்னொரு தபா அந்தாளு பொய்க்கு அடியில உங்க பேரு வர வேணாம். எனக்கு வர்றது வரட்டும்.”

மறுநாள் அவர் சொல்லை மாற்றாமலே காகிதத்தை மேசைமேல் வைத்தார். முதலாளி சினந்து கத்தவில்லை. வேலையை விட்டு நீக்கவுமில்லை. “சான்று இல்லாம எங்க போயிடுவ, விருத்தாசலம்? போய் உக்காரு. லோடு கடுதாசி நெறையக் கெடக்குது” என்று மட்டும் சொன்னார்.

பத்தாம் நாள் விழுப்புரம் வண்டி ஊதிப் புறப்பட்ட ஓசை மதிலுக்குள் கேட்டது. கணவனும் மனைவியும் கேட்டனர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வக்கீலின் குமாஸ்தா வேண்டிய சொல்லை இட்டு வேறு விண்ணப்பம் வரைந்தார். பாண்டுரங்கன் அறங்காவலரானார், பரிவட்டமும் கட்டிக்கொண்டார். விருத்தாசலம் அதே மேசையில், அதே தூசில், ஒன்பது ஆண்டு கழிந்தும் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தார். ஊர் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றது. ராஜாமணி சொல்லி எல்லாம் அறிந்த பொன்னி ஒருத்திதான் மதிலுக்குள் அவரைக் கண்டால் எழுந்து நின்றாள்.

திருவருள் அவ்வில்லத்தின் மேல் பொழிக. ராஜாமணியின் மூச்சு சீர்பெறுக. அக்குடியின் வாயிலுக்குத் தூய காற்று ஒருநாள் வழி அறிந்து வருக.