எலிகள் சொன்னது, அவர் சொல்லாதது

ஒரகடத்துப் பக்கம் ஒரு மருந்து சோதனைக் கூடத்தில் எனக்கு எலிகளோடு வேலை. "எந்தக் கம்பெனி?" என்று ஊரில் யாராவது கேட்டால் மருந்துக் கம்பெனி என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் மட்டும்தான் முழுசாகச் சொல்வேன்.

எலிக்கு ஒரு நாள் மார்பின் என்கிற போதை தரும் மருந்தில் ஊசி, இன்னொரு நாள் வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. கால் மணி நேரம் கழித்து ஒரு பெட்டிக்குள் விடுவோம். உள்ளே இரண்டு லீவர். மார்பின் போட்ட நாளில் இடது லீவரை அழுத்தினால்தான் தீனி விழும், உப்புத் தண்ணீர் நாளில் வலது லீவரை. முதல் சில வாரங்கள் எலி இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தித் திணறும். இரண்டு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். போடுகிற மார்பின் ரொம்பக் கொஞ்சம். வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எலிக்குத் தெரியும். நேராக இடது பக்கம் போய் நிற்கும். அப்படிப் பழகிய எலிக்குப் புது மருந்து ஒன்றைப் போட்டு, அதுவும் இடது பக்கமே போனால், இந்த மருந்தும் மார்பின் மாதிரிதான் என்று எழுதிக்கொள்வோம்.

இதை முதன்முதலில் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடி சொல்ற, எலி போதையைக் கண்டுபுடிக்குதா?"

"ஆமா மாமா. பழகிடுச்சுன்னா தப்பவே தப்பாது."

அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்ததும், "உன் குடிகார எலிங்கள்லாம் எப்டி கீது?" என்பார். ஃபேக்டரி லைனில் கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிச் சிரிப்பார். வலி தாங்காதவர்களுக்கு டாக்டர்கள் கொடுப்பதும் இதே மருந்துதான் என்று நான் சொன்னதே இல்லை. சொல்கிற அவசியம் அப்போது வரவில்லை.

வேலையில் தூக்கம் வராமல் இருக்க வாயில் புகையிலை அடக்கிக்கொள்கிற பழக்கம் அவருக்கு. நாக்கோரத்தில் புண் வந்தது. வாய்ப்புண் என்று மெடிக்கலில் வாங்கித் தடவியே மாதங்கள் போயின. பிறகு புற்றுநோய் என்று சொல்லி, ஆபரேஷன் செய்து பாதி நாக்கை எடுத்தார்கள். பேச்சு போனது. எதுவாக இருந்தாலும் போனில் டைப் அடித்துக் காட்டுவார். அடுத்த வருஷம் கழுத்தில் மறுபடி வந்தபோது, இனி வலிக்குத்தான் மருந்து என்று சொல்லிவிட்டார்கள்.

காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் மார்பின் மாத்திரை எழுதினார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சீட்டைப் பார்த்துவிட்டு அவர் போனில் அடித்தார்: "எலி மருந்தா?"

நான் சிரித்தேன். "ஆமா மாமா, அதேதான்" என்றேன்.

நான் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானே கரைத்துக் குடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வந்ததும் கேட்பேன்.

"வலி கொறைஞ்சுதா?"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். காட்டிவிட்டு அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் வைத்து இறுக்கிக்கொள்வார். அளவு போதவில்லை போல என்று டாக்டரிடம் சொன்னேன். கூட்டிக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கூட்டினேன். கதவோரம் கிடந்த அவருடைய சேஃப்டி ஷூவைத் தூக்கித் தட்டியபோது மாத்திரைகள் கொட்டின. ஐந்து வாரத்து மாத்திரைகள்.

"ஏன் மாமா?" என்றேன்.

அவர் வெகுநேரம் போனில் அடித்துக் காட்டினார். "ஊசி போட்டா ஒரு பக்கம், போடலைன்னா வேற பக்கம்னு நிக்குமே, அந்த மாதிரி என்னை ஆக்கிடும். உன் கண்ணு முன்னாடி போதைக்காரனா சாவ வாணாம்."

மாத்திரை உள்ளே போனால் கண் பாப்பா சுருங்கும், மலம் கட்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இவருக்குக் கண் பாப்பா சுருங்கவேயில்லை. மலச்சிக்கலுக்குக் கொடுத்த பாட்டில் மூடிகூடத் திறக்காமல் இருந்தது. எந்த எலி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாளெல்லாம் பார்த்து எழுதுகிற நான், இதைப் பார்க்கவில்லை.

மறுநாள் லீவு போட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிருந்த நர்ஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, வலியே இல்லாத எலிக்குப் போட்டா அதுக்குப் போதைதான். உங்களுக்கு வலி இருக்கு. வலிக்குச் சாப்பிடுறவங்களை நாங்க யாரும் போதைக்காரன்னு சொல்றதில்லை."

டாக்டர் மறுபடி சின்ன அளவிலிருந்து தொடங்கினார். எங்கள் எதிரிலேயே மாமா மாத்திரையைக் கரைத்துக் குடித்தார். ஒரு மணி நேரத்தில், மூடியே இருந்த அவருடைய வலது கை தானாக விரிந்தது. நகம் அழுத்தி அழுத்தி உள்ளங்கையில் நாலு தழும்புகள். பெஞ்சில் என்மீது சாய்ந்தபடி மத்தியானம் முழுக்கத் தூங்கினார்.

ரெண்டு நாள் கழித்து, டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் போனை என் பக்கம் நீட்டினார். "மொதல்லயே சாப்ட்டிருக்கலாம்."

அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு இருபது நாள் இருந்தார். வலி பெரிசாக இல்லை. ஒரு காலை, நான் யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். புதிதாக ஒரு தொகுதி எலிகள் வந்திருந்தன, முதலிலிருந்து பழக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் போய் வேறு செக்ஷன் கேட்டேன். ஏன் என்றார்.

"ஊசி போடக் கை வரலை சார்" என்றேன்.

அவர் மாற்றிக் கொடுத்தார். இப்போது ரிப்போர்ட் பிரிவில் இருக்கிறேன்.