ரைட் சொல்ல ஒரு வாய்

கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷை ஒரு டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அதில் ஒரே ஒரு வார்த்தைதான் எனக்குச் சோறு போட்டது. ரைட். இரத்தோட்டைக்கும் மாத்தளைக்கும் நடுவில், ஏறுகிறவன் ஏறி இறங்குகிறவன் இறங்கிய பிறகு நான் அதைக் கத்தினால்தான் அரசாங்கத்தின் அந்தப் பெரிய வண்டி அசையும். கத்தாவிட்டால் அப்படியே கிடக்கும். மீசை சரியாக முளைக்காத வயதில் அப்படி ஓர் அதிகாரம் கையில் வந்தால் யாருக்கும் தலை கொஞ்சம் கனக்கும். எனக்கு நிறையவே கனத்தது.

அதே வார்த்தையை ஊரில் ஆளுக்கொரு விதமாகப் புழங்கினார்கள். பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டாண்டு வெற்றிலைக்காரன் "ரைட்டுல ஒடிங்க, ரைட்டுல ஒடிங்க" என்பான். அவனுக்கு அது ஒரு பக்கம். செக்கர் ஏறி எல்லா டிக்கட்டையும் பார்த்துவிட்டு என் தாளில் பென்சிலால் ஒரு கீறு போடுவார்; அதுவும் ரைட். அது விழாத நாளில் டிப்போவில் போய் நான் பதில் சொல்ல வேண்டும். மிளகு வியாபாரிகள் பேரம் முடிந்ததும் கையைக் குலுக்கி "ரைட்" என்றால் இனிப் பேச்சு மாறக்கூடாது. சாராயக் கடை வாசலில் ஒருத்தன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு "ரைட், வாடா" என்றால் பக்கத்தில் நிற்பவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கு வந்த தலைவர் "நம்ம ரைட்ஸ்" என்று மேசையைக் குத்தினார். பிரஜாவுரிமை இல்லாத சனம் கீழே உட்கார்ந்து கைதட்டியது. அவர் சொன்ன அந்தச் சாமானை அவர்களும் கண்ணால் கண்டதில்லை, கைதட்டிய நானும் கண்டதில்லை.

அந்த ரூட்டில் அடி வாங்காத கண்டக்டர் கிடையாது. மிச்சக்காசுக்கு அடி, சீட்டுக்கு அடி, கோழியைக் கூடையோடு மேலே போடச் சொன்னதற்கு அடி. தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் சாராய வாடையோடு ஏறுகிறவர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் ஜன்னல் கம்பியில் மோதுவார்கள். நானும் சாது இல்லை. எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். டிக்கட் பையின் வாரைச் சுருட்டிப் பிடித்து எத்தனை பேர் முகத்தில் இழுத்திருக்கிறேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. சட்டையில் ரத்தம் இல்லாமல் வீட்டுக்குப் போனால் அம்மா "இன்னிக்கு பஸ் ஓடலயா?" என்று கேட்பாள்.

என் டிரைவர் மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து வேளைத் தொழுகையைப் போலவே அவருக்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது. என் குரல் கேட்காமல் கியரைப் போட மாட்டார். நான் சேருவதற்கு முன்பு யாரோ ஒரு குறும்புக்காரன் பின்சீட்டிலிருந்து "ரைட்" என்று கத்தியிருக்கிறான். நானா நம்பி எடுத்துவிட்டார். மிதிபலகையில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்ற பெரியவர் விழுந்து, பின்சக்கரம் அவர் தொடை மேல் ஏறிவிட்டது. எங்கள் வண்டியில் மணிக்கயிறு அறுந்து எவ்வளவோ காலம். அதனால் என் தொண்டைதான் மணி. "ஊரே கத்தட்டும் தம்பி, ஒங்கட சத்தம் கேட்டாத்தான் நான் எடுப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். காத்திருக்கும்போது இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்ப்பார். திரும்பிப் பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் தடுப்பும் நின்றபடி வரும் சனமும் மறைக்கும்.

அன்றைக்கு இரத்தோட்டை ஸ்டாண்டில் பஸ் நிரம்பி, புறப்படுகிற நேரம். தோட்டத்துப் பெண் ஒருத்தி துணிமூட்டையோடு ஓடி வந்து ஏறினாள். முகத்தின் ஒரு பாதி வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் மூடிக் கிடந்தது. கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. கதவை ஒட்டிய சீட்டில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"மாத்தளைக்கு ஒண்ணு குடுங்கண்ணே. அங்கேருந்து வஹகோட்டைக்கு பஸ் இருக்குங்களா? கோயில் பக்கத்துல அக்கா இருக்கா. அங்க போய்ட்டா போதும்."

"இருக்கு. ஒக்காரு" என்றேன்.

அவள் உட்காரும் முன்பே புருஷன் வந்துவிட்டான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கையில் இருந்தது. மிதிபலகையில் காலை வைத்தான்.

"எறங்குடி."

அவள் கதவோரத்து இரும்புக் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

"டிக்கட் எடுக்கிறதுன்னா ஏறு. இல்லாட்டி கால எடு" என்றேன்.

"ஒனக்கு என்னாடா ரைட் இருக்கு? கர்த்தர் சாட்சியா கட்டினவன் நானு. அவ சம்பளத்தயும் ஆபீசுல நான்தான் வாங்குறேன். தொரையே என் கையிலதான் குடுக்கிறாரு. எனக்குத்தான் ரைட் இருக்கு!"

சம்பளம் பற்றி அவன் சொன்னது பொய் இல்லை. பெண்டாட்டி கொழுந்து பறித்த கூலியைப் புருஷன் கையில் கொடுப்பதுதான் அந்தத் தோட்டங்களில் வழக்கம். அவள் அந்தக் காசைக் கண்ணால் பார்ப்பது அவன் மனசு வைத்தால்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தானோ என்னவோ எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஓங்கி ஓர் அறை விட்டேன்.

அவன் விழவில்லை. கத்தியைத் திருப்பி, அதன் கட்டைப்பிடியால் என் வாயில் குத்தினான். முன்பற்கள் உள்ளே மடங்கியது நினைவிருக்கிறது. நாக்கு கிழிந்தது. நான் சீட்டுகளுக்கு இடையில் முழங்காலில் விழுந்தேன். வாயைத் திறந்தால் ரத்தம் மட்டுமே கொட்டியது.

பஸ் முழுவதும் ஒரே குரலாகக் கத்தியது. "ரைட்! ரைட்! எடுங்க நானா! ரைட்!" ஆண்கள் தகரத்தில் அடித்தார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். வண்டி அசையவில்லை. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் தினமும் யாராவது யாரையாவது அடிப்பார்கள், சனம் கத்தும். நானாவுக்கு அது புதிது இல்லை. அவர் என் குரலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கிழிந்த நாக்கோடு ஏதோ மாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்கே அது என் குரலாகத் தெரியவில்லை.

அவன் அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து வெளியே இழுத்தான். பாதி உடம்பு கதவுக்கு வெளியே தொங்கியது. கை மட்டும் கம்பியை விடவில்லை. "வுடுடி, வுடுடி" என்று கத்திக்கொண்டே, கவ்வாத்துச் செடியில் வெட்டுகிற அதே சாய்வில், அந்தக் கையின் மேல் வெட்டினான். நான் அவன் காலைக் கட்டிப்பிடித்துக் கடித்தேன். இருந்த பற்களால் சதை வாயில் வரும்வரை கடித்தேன். அவன் என் முதுகில் உதைத்தான். மேலே இரண்டாவது வெட்டு விழுந்த சத்தம் கேட்டது, கம்பி கணீரென்றது.

அவள் போட்ட அலறல்தான் நானாவை எழுப்பியது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே சுற்றி ஓடி வந்தார். ஒரே அடி. அவன் தோள் எலும்பு முறிந்து கத்தி விழுந்தது. ஸ்டாண்டில் அதுவரை வேடிக்கை பார்த்தவர்களுக்கு அப்போது வீரம் வந்துவிட்டது. விழுந்தவனை மிதி மிதியென்று மிதித்தார்கள். போலீஸ் வந்து பிடுங்காவிட்டால் கொன்றிருப்பார்கள். எனக்கு அவன் மேல் துளியும் இரக்கம் வரவில்லை.

நானா கம்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தலைத்தொப்பியைக் கழற்றி அவள் கையில் அழுத்தினார். பிறகு ஓடிப்போய் சீட்டில் ஏறி வண்டியை எடுத்தார். என்னைக் கேட்கவில்லை, எவரையும் கேட்கவில்லை. வழியில் பஸ் ஹோல்ட்டுகளில் சனம் கையைக் காட்டி நின்றது. ஒன்றிலும் நிறுத்தாமல் மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில்தான் பிரேக் போட்டார்.

"சனம் கத்தினது கேட்டிச்சு தம்பி. ஒங்கட சத்தம் மட்டும் வரல்ல. அது வரட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அங்கே. அவர் அழுதார். அந்த நேரத்தில் அவரை வெறுத்தேன். அவர் வழக்கத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது என்பதால் இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

என் நாக்கில் தையல் ஆறி, குழறிக் குழறிப் பேச்சு வந்த பிறகு நானும் நானாவும் அவளைப் பார்க்கப் போனோம். பேக்கரியில் பணிஸ் வாங்கிப் போயிருந்தோம். வஹகோட்டை அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் இருந்தவளின் வலது கையில் கட்டு சின்னதாக, உருண்டையாக இருந்தது. பெருவிரலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை என்று அக்கா எங்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அவனை மறியல்ல அடைச்சுப் போட்டிருக்கு. எப்படியும் ஒரு நாளைக்கு வெளிய வருவான். வந்து கூப்பிட்டா போயிராத" என்றேன்.

அவள் என்னை ஆறுதலாகப் பார்த்தாள், அடிபட்டவன் நான்தான் என்பதுபோல.

"வரமாட்டாண்ணே. கொழுந்தெடுக்க ஏலாத கைய வச்சு அவனுக்கு என்னா வேல? இனி எனக்குப் பயமில்ல."

அக்கா வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். நானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பணிஸை மடியில் வைத்து, இடது கையால் பிய்த்து, பசியோடு தின்னத் தொடங்கினாள்.