ஒற்றைக் கோடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். கையில் எப்போதும் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும் என்பது ஒரு காரணம். யார் கூப்பிட்டாலும் கான்டீனுக்கு வரமாட்டாள் என்பது இன்னொன்று. "பொறந்தநாள் கேக்க அந்தப் பெட்டிக்குள்ள வெச்சாலும் வெப்பாங்க, வாய்க்குள்ள வெக்கமாட்டாங்க" என்பான் பக்கத்து மேசைக்காரன். அவளும் சிரித்துவைப்பாள்.

வயிறுதான். பதினொரு வருடமாகச் சாப்பிட்டால் முறுக்குகிறது, சாப்பிடாவிட்டால் பிசைகிறது. குழாய் விட்டுப் பார்த்த மூன்று டாக்டர்களும் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாமவர், கல்யாணம் பண்ணிக்கொண்டால் சரியாகிவிடும் என்றார். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் நான்கு வருடமாகிறது. அங்கே ஒரே கழிப்பறை, அதுவும் கூடத்தை ஒட்டி. நம் வீட்டுச் சாப்பாடெல்லாம் மகாராணிக்கு ஆகுமா என்று அண்ணி கேட்டது போனில் அவள் காதிலேயே விழுந்தது.

அவள் பார்க்கும் வேலையும் குடல்தான். எலியின் பெருங்குடலில் ஒரு துண்டை நரம்போடு எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் விரித்து, நரம்பை ஸ்பீக்கரோடு இணைத்த மெல்லிய கம்பியில் சேர்ப்பாள். அதில் ஏ.டி.பி. சொட்டவேண்டும். செல்லுக்குள் இருக்கும்வரை அது சக்தி. அடிபட்ட செல்லிலிருந்து வெளியே கசிந்தால் வலியின் சேதி. நரம்பின் மேல் அதற்கென்றே வாசல்கள் உண்டு. சொட்டியதும் ஸ்பீக்கரில் தகரக் கூரைமேல் தூறல் விழுவதுபோல் சத்தம் வரும். வாசலை அடைக்கும் மருந்து ஒன்றை, ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் இரண்டு வருடமாகத் தேடுகிறார். அது கிடைக்கவேண்டும் என்று மேடத்தைவிட அதிகம் விரும்பியவள் அவள். யாருக்கும் தெரியாது.

அன்றைக்குப் பதினேழாவது மருந்து. முதலில் ஏ.டி.பி. மட்டும், தூறல் நன்றாக விழுந்தது. மருந்தை ஊற்றி அரை மணி ஊறவிட்டாள். அந்த நேரம் பார்த்து வயிறு பிடித்துக்கொண்டது. நடைக்கோடியில் இருந்த கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பும்போது நேரம் தாண்டிவிட்டது. அவசரமாக ஏ.டி.பி. குப்பியை எடுத்துச் சொட்டினாள்.

ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை.

மேடம் அறையிலிருந்து எழுந்து வந்தார். மற்றவர்களும் வந்து நின்று அந்த அமைதியைக் கேட்டார்கள். மேடம் அவள் தோளில் கை வைத்து, "உங்க கைக்குத்தான் இது வசப்பட்டிருக்கு" என்றார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. தோளில் யாராவது கை வைத்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

எல்லோரும் போனபின் ஐஸைக் கொட்டப் போனாள். குப்பியிலிருந்து ஒவ்வொரு முறை எடுத்ததும் மிச்சம் நிற்கும் மட்டத்தில் கோடு போடுவது அவள் வழக்கம். அன்று இரண்டு முறை எடுத்திருந்தும், ஐஸில் இருந்த புதுக் குப்பியில் ஒரு கோடுதான் இருந்தது. மட்டமும் அந்தக் கோட்டிலேயே நின்றது. இரண்டாவது முறை எடுத்தது, கொட்டுவதற்காக ஒரு வாரமாக மேசைமேல் நின்ற பழைய குப்பியிலிருந்து. ஐஸுக்கு வெளியே ஏ.டி.பி. உடைந்துபோகும். அடைபட்டது வாசல் இல்லை. தட்ட ஆளே வரவில்லை.

கோட்டைத் துடைத்தால் தீர்ந்தது. ஈரத்துணி கையிலேயே இருந்தது. தோளும் இன்னும் கதகதப்பாக இருந்தது.

குப்பியை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனாள். மேடம் மருந்துக் கம்பெனிக்குப் பதினேழாவது பலித்ததாகக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இன்னைக்கு எடுத்தது தப்பு. குப்பி மாறிப்போச்சு."

"நீங்களா? எப்படி?"

"வயிறு சரியில்ல. ஓடிட்டேன்."

"எத்தன நாளா?"

"பதினோரு வருஷம்."

மேடம் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அடித்த கடிதத்தை அழித்தார். "காலைல திரும்ப எடுப்போம்" என்றார்.

காலையில் புதுத் துண்டு, அதே மருந்து, ஐஸிலிருந்த குப்பி. சொட்டினாள். தூறல் விழுந்தது. மருந்து ஊற்றுவதற்கு முன் விழுந்ததைவிட ஒரு துளியும் குறையவில்லை. மேடம் பக்கத்தில் நின்று கேட்டார். மற்ற யாரும் வரவில்லை. நோட்டில் பதினேழுக்கு எதிரே ‘பலன் இல்லை’ என்று எழுதினாள். அடிவயிற்றில் பிடி இறுகியது.

"மேடம், அஞ்சு நிமிஷம் போயிட்டு வரேன்."

"போங்க. குப்பிய நான் ஐஸ்ல வெக்கறேன்."

நடை நீளமாக, ஆளில்லாமல் கிடந்தது. பின்னால் தூறல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.